இன்ஜினியர் வராத கேட்

1

இந்த மாதத்தோடு நான் நியூசிலாந்துக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. அதைக் கொண்டாட எங்கள் நாடகக் குழு ஆக்லாந்தில் என் நாடகம் ஒன்றைப் போடலாம் என்று முடிவெடுத்தது. குழு என்றால் ஆறு பேர். அதில் இரண்டு பேருக்கு வசனம் மனப்பாடம் ஆகாது. ஒருவருக்கு மேடை ஏறினால் நாக்கு வறண்டுவிடும். நாடகம் போட மண்டபம் வேண்டும், மண்டபம் நகரசபையுடையது. நாம் மண்டபம் கேட்டால் அவர்கள் பதினோரு பக்கப் படிவத்தில் நம்மைத் திருப்பிக் கேட்கிறார்கள்.

எங்கள் நெய்வேலியில் இது ஒரு நிமிட வேலை. பிளாக் நலச்சங்கச் செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டினால் லுங்கியோடு வந்து, "கட்சி கிட்சி ஏதாவது வருதா?" என்பார். "இல்ல சார்." "லேடீஸ் உக்காந்து பாக்கலாமா?" "பாக்கலாம் சார்." அவ்வளவுதான். ஹால் சாவியைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்.

இங்கே கலைப்பிரிவில் ஹெலன் என்றொரு அம்மாள் இருக்கிறார். மிக நல்லவர். முதல் சந்திப்பில் எந்த ஊர் என்று கேட்டார். நம் பழக்கத்தில், "என் நேட்டிவ் நெய்வேலி" என்றேன். அவர் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. படிவத்தில் "பழங்குடி" என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டார். சுரங்கத்துக்காகக் கட்டிய நகரியத்தில் பிறந்தவனைப் பழங்குடி என்றால் நெய்வேலியே சிரிக்கும். அங்கே எங்கள் தெருவில் ஒரு வீடு திருநெல்வேலி, ஒன்று தஞ்சாவூர், ஒன்று பாலக்காடு. எல்லாரும் வேலைக்கு வந்து ஒட்டிக்கொண்டவர்கள். அந்த டிக்கை எடுக்க எனக்கு மூன்று ஈமெயில் ஆயிற்று.

ஏழாவது கேள்விதான் வில்லங்கம். "நீங்கள் ஏன் விளிம்புநிலை மக்களைப் பற்றியே நாடகம் எழுதுகிறீர்கள்? முந்நூறு சொற்களுக்குள் விளக்குக." நான் பகலெல்லாம் பஸ் ஓட்டுகிறவன். காலை ஐந்தே காலுக்கு டெப்போவில் இருக்க வேண்டும். ஏன் எழுதுகிறாய் என்று இத்தனை வருடத்தில் என் மனைவிகூடக் கேட்டதில்லை. எப்போது நிறுத்துவாய் என்றுதான் கேட்டிருக்கிறாள்.

சமூகப் பொறுப்பு, மனிதநேயம், குரலற்றோரின் குரல் என்று ஒரு பக்கம் எழுதி, பதினாறு வயது மகள் யாழினியிடம் கொடுத்தேன். அவள் என்னிடம் ஆங்கிலத்தில்தான் பேசுவாள். நான் தமிழில் பதில் சொல்வேன். இரண்டு பேருக்கும் புரிந்த மாதிரி காலம் ஓடுகிறது. படித்துவிட்டு, "அப்பா, இத நீ எழுதின மாதிரி இல்ல, ஏதோ பேங்க் எழுதின மாதிரி இருக்கு" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

அடுத்து, உழைப்பாளி குடும்பத்தில் பிறந்தவன் என்று ஆரம்பித்தேன். "தாத்தா ஃபோர்மேன்தானே? ரூம்ல ஏசி இருந்துதுன்னு பாட்டி சொன்னாங்க."

இருந்தது. என்ன செய்வது.

போகிற போக்கில் அவள் இன்னொன்று கேட்டாள். "உன் எல்லா நாடகத்துலயும் கடைசில ஒரு இன்ஜினியர் வந்து அந்த ஏழைக்காகப் பேசறாரே, அவர் யாருப்பா?" கற்பனை என்றேன். "ஒரே ஆளத் திரும்பத் திரும்பக் கற்பனை பண்றியா?" என்று கேட்டுவிட்டுக் காதில் எதையோ மாட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். பிள்ளைகள் நம் மொழியை விட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்கள் என்று இங்கே சங்கத்தில் மாதாமாதம் புலம்புவோம். போகிறவர்கள் சும்மா போனால் பரவாயில்லை. இப்படி எதையாவது கேட்டுவிட்டல்லவா போகிறார்கள்.

ஒன்பதாம் பக்கத்தில் அடுத்த இடி. நாடகம் உயிரோடிருக்கும் ஒருவர் வாழ்க்கையை வைத்து எழுதப்பட்டதென்றால், அவருடைய ஒப்புதல் கையெழுத்து வேண்டும். இல்லையென்றால் மண்டபம் கிடையாது. இந்த நாடகத்தில் வருகிறவர் உயிரோடுதான் இருக்கிறார். நெய்வேலிக்குப் பக்கத்தில் வடக்குத்து என்ற ஊரில் இருக்கிறார். இருபத்தாறு வருடமாக நான் அவர் முகத்தை நேராகப் பார்த்ததில்லை.

2

எங்கள் ஊரில் மனிதர்கள் இரண்டு வகை. பர்மனன்ட், கான்ட்ராக்ட். பர்மனன்டுக்கு க்வார்ட்டர்ஸ் உண்டு, ஆஸ்பத்திரி உண்டு, பிள்ளைகளுக்கு ஸ்கூல் உண்டு, கொல்லையில் ஒரு பலாமரமும் உண்டு. கான்ட்ராக்டுக்கு ஒரு கேட் பாஸ் உண்டு. அதைக் காட்டினால்தான் சுரங்கத்து கேட்டுக்குள் விடுவார்கள்.

தனக்கோடியக்கா கான்ட்ராக்ட். பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து வந்து சுரங்க ஆபீஸ் வளாகத்தைப் பெருக்குவார். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து திரும்பும்போது எங்கள் கொல்லைப் பக்கம் வந்து, ஆட்டுக்குப் பலாத்தழை ஒடித்துக்கொள்வார். அம்மாவோடு கொஞ்ச நேரம் பேச்சு. அவர் சிரித்தால் நாலு வீடு கேட்கும். "இந்தம்மா சிரிச்சா நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு தூங்கறவனெல்லாம் எழுந்துடுவான்" என்று அப்பா முணுமுணுப்பார்.

நான் அப்போது டிப்ளமோ முடித்து, அப்ரன்டிஸ் ஆர்டருக்குக் காத்திருந்தேன். கையில் வேலை இல்லை, முகத்தில் தாடி, தோளில் ஜோல்னாப் பை. நாலு புத்தகம் படித்ததில் மக்கள் துன்பப்படுகிறார்கள் என்று தெரிந்துகொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் யாரும் துன்பப்படவில்லை. கொல்லைக் கதவைத் திறந்து பார்த்தேன், தனக்கோடியக்கா தழை ஒடித்துக்கொண்டிருந்தார். கிடைத்தது கரு.

பிளாக்குகளுக்கு இடையே நாடகப் போட்டி. நான் எழுதியதில் ஒரு கான்ட்ராக்ட் பெண் தன் கேட் பாஸைத் தொலைத்துவிடுகிறாள். செக்யூரிட்டி உள்ளே விட மறுக்கிறார். அவள் புரண்டு புரண்டு அழுகிறாள். அப்போது ஒரு இளம் இன்ஜினியர் சைக்கிளில் வந்து இறங்கி, "அட்டை முக்கியமா, மனிதர் முக்கியமா?" என்று கேட்கிறார். செக்யூரிட்டி தலைகுனிகிறார். கேட் திறக்கிறது. திரை.

புடவை கட்டி அந்தப் பெண்ணாக நடித்தவன் என் நண்பன் செல்வம். "பாஸுக்கு ஒரு அட்டைய வெட்டி ஃபோட்டோ ஒட்டிக்கலாம்டா" என்றான். நான் விடவில்லை. கலையில் பொய் கூடாது, ஒரிஜினல் பாஸ்தான் வேண்டும் என்று தனக்கோடியக்காவிடமே போய்க் கேட்டேன். அவர் தயங்கினார்.

"பத்தரமா குடுத்துடுவீங்களா தம்பி? திங்கக்கெழம ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டு. இந்த வாரம் லிஸ்ட்டு எடுக்கறாங்க."

கான்ட்ராக்டர் மாறுகிற சமயம் அது. அந்த வாரம் வேலைக்கு வந்தவர்கள் பெயரைத்தான் புதுக் கான்ட்ராக்டர் எழுதிக்கொள்வார். பெயர் விட்டுப்போனால் வேலையும் போயிற்று. எனக்கு இது தெரியும். தெரிந்துதான், "சனிக்கிழமை நாடகம், ஞாயித்துக்கிழமை கையில குடுத்துடறேன்க்கா" என்று வாங்கினேன்.

நாடகம் பிய்த்துக்கொண்டு போனது. முன்வரிசையில் ஆபீசர் வீட்டு அம்மாக்கள் கண்ணைத் துடைத்தார்கள். எங்களுக்குத்தான் முதல் பரிசு, ஒரு எவர்சில்வர் டிபன் கேரியர்.

3

செல்வம் பாஸை ஜாக்கெட்டின் உள்பக்கம் ஊக்கு போட்டுக் குத்தியிருந்தான். கழற்ற மறந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வாடகை டிரஸ்காரர் மூட்டையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். எங்கே போனார் என்று அவர் கடைப் பையனுக்கே தெரியவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் கொல்லையில் தனக்கோடியக்காவின் குரல் கேட்டது. நான் போய்ப் போர்வைக்குள் படுத்துக்கொண்டு அம்மாவிடம் ஜுரம் என்றேன். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். மே மாதத்தில் போர்வைக்குள் கிடப்பவன் நெற்றி சுடாமல் என்ன செய்யும்? நம்பிவிட்டார்.

இந்த இடத்தை நான் எந்தப் பேட்டியிலும் சொன்னதில்லை. கேட் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் பதினைந்து நிமிடம். போய், "பாஸ் என்னாலதான் தொலஞ்சுது, நான் இன்னார் பையன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்பாவுக்காகவாவது உள்ளே விட்டிருப்பார்கள். ஆனால் பாஸை இன்னொருவரிடம் கொடுப்பதும் தப்பு, வாங்குவதும் தப்பு. விஷயம் வெளியே வந்தால் என் அப்ரன்டிஸ் ஆர்டர் அம்போ. அதை நினைத்தேன். படுத்துக்கொண்டேன். ஒன்பது நாள் எனக்கு ஜுரம்.

பதினோராம் நாள் பாஸ் வந்தது. பண்ருட்டிப் பக்கம் ஒரு தெருக்கூத்தில் ராணி வேஷம் கட்டியவர் ஜாக்கெட்டில் ஏதோ குத்துகிறதென்று பார்த்து எடுத்திருக்கிறார். டிரஸ்காரர் பஸ் கண்டக்டர் மூலம் கொடுத்தனுப்பினார். அம்மாவிடம் கொடுத்து, அக்காவிடம் சேர்க்கச் சொன்னேன். அம்மா எதுவும் கேட்கவில்லை, சேர்த்துவிட்டார். விஷயம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அப்ரன்டிஸ், அப்புறம் மஸ்கட், கடைசியில் இங்கே வந்து சேர்ந்தேன். குப்பை பொறுக்குகிறவர்கள், மஸ்கட்டில் பாஸ்போர்ட் இல்லாமல் கிடந்த கொத்தனார்கள், ஆக்லாந்து விமான நிலையத்தில் கழிவறை கழுவும் பெண்கள் என்று வருடத்துக்கு ஒரு நாடகம் எழுதினேன். எல்லாவற்றிலும் ஒரு இன்ஜினியர் வந்தார்.

4

வேலையில் இருக்கும்வரை நாங்கள் நகரியத்துக்காரர்கள் ரொம்ப மிதப்பாக இருப்போம். ரிட்டயர் ஆன மறுமாதமே க்வார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லும்போதுதான் சொந்தமாக ஒரு செங்கல் இல்லை என்று தெரியும். அப்பா வடக்குத்தில் மனை வாங்கி வீடு கட்டினார். இப்போது அப்பா இல்லை, அம்மா இருக்கிறார். தனக்கோடியக்கா வீடு இரண்டு தெரு தள்ளி. யாரிடம் தழை ஒடிக்க வந்தாரோ அவர் வீட்டுக்கு இப்போது தினமும் மூன்று மணிக்குக் காப்பி குடிக்க வருகிறார். இதை அம்மா ஃபோனில் சொல்லும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

இரண்டு வார லீவில் போனேன். அம்மாவைப் பார்க்க வந்ததாகச் சொன்னேன். பெட்டிக்கு அடியில் ஒப்புதல் படிவம் இருந்தது.

மூன்று மணிக்குத் தனக்கோடியக்கா வந்தார். தலை நரைத்திருந்தது, சிரிப்பு அப்படியே இருந்தது. கூட வேலை பார்த்த பெண்கள் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். வெளிநாட்டுத் தம்பியைப் பார்க்கவாம்.

நான் படிவத்தை நீட்டி, தமிழில் எழுதி வைத்திருந்ததை வாசித்தேன். "என் வாழ்வனுபவம் இந்நாடகத்தில் சித்தரிக்கப்படுவதற்கு எனது முழுமனதான..."

"வெள்ளக்காரனுக்கு என் கையெழுத்து எதுக்கு தம்பி? லோனு கீனு ஒண்ணும் இல்லியே?"

"இல்லக்கா. உங்கள வெச்சு ஒரு நாடகம் எழுதியிருக்கேன். நீங்க சரின்னு சொன்னாதான் போட முடியும்."

"அன்னிக்கும் போட்டீங்களே, அப்ப யாரு சரின்னாங்க?"

கேட்டுவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"படிங்க. கேக்காம நான் எதுலயும் கையெழுத்து போடறதில்ல. கான்ட்ராக்டுல கத்துகினது" என்று காலை நீட்டி உட்கார்ந்தார்.

படித்தேன். பழைய கதைதான், வயதான கை எழுதியது, கொஞ்சம் மெருகு. கதாநாயகி கேட் முன்னால் அழுகிற இடத்தைக் குரல் தழுதழுக்கப் படித்தேன். ஒரு பக்கம் முடிந்து அடுத்த பக்கம் திருப்பினேன்.

"இன்னும் அழுவுறாளா?" என்றார் தனக்கோடியக்கா.

"ஆமாக்கா."

"எப்ப வேலைக்குப் போவா?"

மூன்று பெண்களும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். அம்மா உள்ளே காப்பி போடப் போனார், சிரிப்பதற்காகத்தான் போனார் என்று தெரிந்தது. நான் வேகமாகப் படித்து இன்ஜினியரைக் கொண்டுவந்து இறக்கினேன். அவர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, "அட்டை முக்கியமா" என்று ஆரம்பித்ததும் அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"இது யாரு?"

"ஒரு நல்ல மனுஷன்க்கா."

"எந்த கேட்டுக்கு வந்தான்?"

நான் நிறுத்திய வரியைத் தேடினேன். பக்கத்திலிருந்த பெண் அவர் தொடையில் தட்டி, "யக்கா, நீ சொல்லு. தம்பி கேக்கட்டும். மீசைலேருந்து சொல்லு" என்றாள்.

5

தனக்கோடியக்கா எழுந்து நின்றார். இல்லாத மீசையை முறுக்கினார். அவ்வளவுதான், எதிரே ஒரு செக்யூரிட்டி நின்றான்.

"திங்கக்கெழம காலைல கேட்டாண்ட போறேன். 'பாஸ் எங்கம்மா?' 'தொலஞ்சிட்சிங்க.' இன்னொருத்தருக்குக் குடுத்தேன்னு சொல்ல முடியுமா? அந்த ஆளு என்னிய மேலயும் கீழயும் பாக்கறான். 'ஏம்மா, சனிக்கெழம நீயும் டிராமா பாத்தியா?' 'நான் எங்கங்க பாத்தேன், ஆட்டுக்குத் தண்ணி காட்டிகினு இருந்தேன்.' 'நாங்க குடும்பத்தோட பாத்தோம். எம் பொண்டாட்டி அழுதுட்டா. அதுல வர்றவளும் இதேதான் சொல்றா, இப்படித்தான் முந்தானைய புடிச்சிகினு நிக்கறா. டிராமா பாத்துட்டு வந்து ஆளாளுக்கு பாஸ் தொலஞ்சிட்சின்னா நாங்க இங்க இன்னா பண்றது?' நான் சத்தியம் பண்றேன். அவன் நம்பல. கடைசியா கேட்டான் பாருங்க..."

மூன்று பெண்களும் சேர்ந்து ஒரே குரலில் சொன்னார்கள். "உன் இன்ஜினியர் எப்ப வருவாரு?"

சிரித்துச் சிரித்து ஒருத்திக்குப் புரையேறியது. அவளே எனக்கு விளக்கினாள். வேலையில் யாராவது தாமதமாக வந்தால் இன்றைக்கும் அவர்கள் கேட்பது இதுதானாம். "இன்னாடி, இன்ஜினியர் வந்துட்டாரா?"

இருபது வருடமாக நான் என் நாடகத்தை ஆறு பேரை வைத்து, காலி நாற்காலிகளுக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். இவர் இங்கே ஒரு ஊரையே வசனம் சொல்ல வைத்திருக்கிறார். அதில் நானும் இருக்கிறேன், வராத பாத்திரமாக.

"நெசமாவே அவரு நம்பலியாக்கா?"

"எப்படி நம்புவாரு? அவ்வளவு நல்லா எழுதியிருந்தீங்களே" என்றார். கிண்டல் இல்லை, பாராட்டாகத்தான் சொன்னார். அது இன்னும் மோசமாக இருந்தது. பிறகு உட்கார்ந்து, புடவையைச் சரி செய்துகொண்டு சாதாரணமாகச் சொன்னார். "நானும் பாத்துகினுதான் நின்னேன். தம்பி சைக்கிள எடுத்துகினு வரும், ஒரு வார்த்த சொல்லும்னு. ஷிஃப்ட்டு ஆளுங்கெல்லாம் உள்ள போற வரைக்கும் நிப்பேன். எட்டு நாளு நின்னேன்."

"லிஸ்ட்டு?"

"பேரு உட்டுப்போச்சு. அதுக்கப்பறம் ரெண்டு வருஷம் முந்திரி ஒடைக்கப் போனேன். கையெல்லாம் பால் பட்டு வெந்துபோச்சு. அப்பால புது ஆளா சேந்தேன். அந்த லிஸ்ட்டுல இருந்தவங்களுக்கு வருஷம் சேந்து சேந்து நல்ல வேலையா மாறிச்சு. தோ இவ எனக்குப் பின்னாடி வந்தவ, எனக்கே மேஸ்திரியா வந்தா. நான் கடைசி வரைக்கும் கான்ட்ராக்ட்தான்."

பாஸைத் திருப்பிக் கொடுத்ததோடு முடிந்தது என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். ஒரு மனுஷியின் உழைப்புக் காலம் முழுக்க என் பெயர் எழுதியிருந்திருக்கிறது. அவமானமாக இருந்தது. அழுகையும் வந்தது. ஆனால் கதாநாயகி இரண்டு பக்கம் அழுததற்கு அவர் கேட்ட கேள்வி ஞாபகம் வந்து அடக்கிக்கொண்டேன்.

"மன்னிச்சிடுங்கக்கா."

"அது இருக்கட்டும். அந்த இன்ஜினியர எடுத்துடுங்க. அவன் வரலன்னு எழுதுங்க. அதுக்குன்னா கையெழுத்து போடறேன்."

"அவர எடுத்துட்டா நாடகத்துக்கு முடிவே இல்லக்கா."

"எனக்கு மட்டும் இருந்துச்சா?"

பேனாவை எடுத்து அங்கேயே, அவர் முன்னாலேயே, நாலு பக்கத்தைக் குறுக்கே அடித்தேன். அடிக்கும்போதுதான் ஏழாவது கேள்விக்குப் பதில் தெரிந்தது. நான் விளிம்புநிலை மக்களுக்காக எழுதவில்லை. ஒரு கேட்டுக்கு நான் போயிருக்க வேண்டும், போகவில்லை. அதனால் வருடத்துக்கு ஒரு இன்ஜினியரை அனுப்பிக்கொண்டிருந்தேன். குரலற்றோராம், குரலாம். அவர் குரல் நாலு வீட்டுக்குக் கேட்கும். நான்தான் போர்வைக்குள் இருந்தேன்.

"ஏன்க்கா, எங்க வூட்டுக்கு வந்து என்னை நாலு வார்த்த திட்டியிருக்கலாமே?"

"வந்தனே. மூணு தடவ வந்தேன். தம்பிக்கு ஜுரம், கண்ணத் தொறக்கலன்னு அம்மா சொன்னாங்க."

காப்பியோடு வந்த அம்மா, "ஆமாண்டா, பாவம், மூணாவது தடவ வந்தப்ப நொச்சித் தழை கொண்டாந்து குடுத்தாங்க. ஆவி பிடிக்கச் சொல்லி" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த ஒன்பது நாளில் இரண்டு நாள் அம்மா என்னை உட்காரவைத்து, கொதிக்கிற அண்டாவின் மேல் குனியவைத்து, தலையோடு கம்பளி போட்டு மூடினார். இல்லாத ஜுரத்துக்கு, மே மாதத்தில், காலையிலும் சாயங்காலமும். உயிர் போயிற்று. ஜுரம் இல்லை என்றும் சொல்ல முடியாது. இந்தத் தழையைக் கொண்டுவந்த புண்ணியவான் யார் என்று உள்ளே உட்கார்ந்து சபித்தேன்.

நான் தொலைத்த பாஸுக்காக எட்டு நாள் கேட்டில் நின்ற மனுஷி எனக்கு மருந்து பறித்து வந்திருக்கிறார். இதற்குமேல் மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. அம்மா முன்னாலேயே சொன்னேன். "அக்கா, எனக்கு அன்னிக்கி ஜுரமே இல்லக்கா."

"தெரியும்" என்றார். "ரெண்டாவது தடவ வந்தப்ப, ஜுரத்துல கண்ணத் தொறக்காத புள்ள, ஜன்னல் திரைய வெலக்கி என்னியப் பாத்துட்டு தலைய இழுத்துகிச்சு. அதான் வூட்டுக்குப் போற வழியில நின்னு, ஒரு கட்டு போதும்னு பறிச்சவ, ரெண்டு கட்டா பறிச்சு, அடுத்த தடவ கொண்டாந்து குடுத்தேன்."

படிவத்தை மடிமேல் வைத்துக்கொண்டு பேனாவுக்குக் கையை நீட்டினார். கொடுத்தேன். கையெழுத்துப் போடாமல் என் முகத்தையே பார்த்தார்.

"நல்லா வேத்துச்சா தம்பி?"

"வேத்துச்சுக்கா."

அதற்குப் பிறகுதான் போட்டார்.